துடுப்புக் கால்களால் நீந்தும் சிற்றுயிர்கள்: திரும்பும் வீச்சு உடலைப் பின்னுக்கு இழுக்காதா?

கேள்வி இதுதான். கோபிபாட், டாஃப்னியா, ஆர்ட்டீமியா குஞ்சு போன்ற மில்லிமீட்டர் அளவு நீர்வாழ் உயிர்கள் காலையோ உணர்கொம்பையோ துடுப்பாக அடித்து நீந்துகின்றன. துடுப்பு பின்னோக்கித் தள்ளும்போது உடல் முன்னே போகிறது, சரி. ஆனால் அடுத்த அடிக்கு அதே துடுப்பு முன்னோக்கித் திரும்பி வர வேண்டுமே, அப்போது உடல் அதே அளவு பின்னே வந்துவிடாதா? இவ்வளவு சிறிய உயிருக்குத் தண்ணீர் தேன் மாதிரி இருக்கும் என்று வேறு சொல்கிறார்கள். அதில் துடுப்பு எப்படி எடுபடுகிறது?

முதலில் ஒன்று: உடல் பின்னே வரத்தான் செய்கிறது. ஆர்ட்டீமியா நாப்ளியஸை, அதாவது புதிதாகப் பொரிந்த இளம் உயிரியை, வேகமாகப் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வீச்சிலும் முன்னே ஒரு நகர்வு, கொம்புகள் திரும்பும்போது பின்னே ஒரு சறுக்கல், மறுபடி முன்னே. கண்ணால் பார்க்கும்போது தெரியும் அந்தத் துள்ளித் துள்ளிப் போகும் நடை இப்படித்தான் உண்டாகிறது. முன்னே போனதில் பின்னே வந்தது போக மிஞ்சுவதுதான் நீச்சல். அந்த மிச்சத்தைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு: இரண்டு வீச்சுகளின் வேகத்தில் வித்தியாசம் காட்டலாம், துடுப்பின் வடிவத்தை மாற்றலாம், பல துடுப்புகள் இருந்தால் அவை அடிக்கும் வரிசையை ஒழுங்கு செய்யலாம். இவற்றில் எது எவ்வளவு பலன் தரும் என்பது உயிரின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது. அதை அளக்கும் எண்ணிலிருந்து தொடங்குவோம்.

ரெனால்ட்ஸ் எண் என்பது நீளத்தையும் வேகத்தையும் பெருக்கி, நீரின் இயங்கு பாகுநிலையால், அதாவது அதன் பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்த அளவால், வகுத்தால் கிடைப்பது. நிலைமத்தால், அதாவது போகும் வேகத்திலேயே தொடர்ந்து போகும் இயல்பால், வரும் விசை பாகுநிலையால் வரும் விசையைப் போல எத்தனை மடங்கு என்பதை இது தோராயமாகச் சொல்லும். 20 டிகிரி செல்சியஸில் நீரின் இயங்கு பாகுநிலை விநாடிக்கு சுமார் 1 சதுர மில்லிமீட்டர். இது பெரிய வசதி: நீளத்தை மில்லிமீட்டரிலும் வேகத்தை விநாடிக்கு மில்லிமீட்டரிலும் வைத்துப் பெருக்கினாலே ரெனால்ட்ஸ் எண் வந்துவிடும். அரை மில்லிமீட்டர் நாப்ளியஸ் விநாடிக்கு 3 மில்லிமீட்டர் போனால் 1.5. இரண்டு மில்லிமீட்டர் டாஃப்னியா ஒரு துள்ளலில் விநாடிக்கு 15 மில்லிமீட்டர் எட்டினால் 30. ஒரு மில்லிமீட்டர் கோபிபாட் சாவகாசமாக விநாடிக்கு 2 மில்லிமீட்டர் போகும்போது 2. அதே கோபிபாட் மிரண்டு விநாடிக்கு 400 மில்லிமீட்டர் வேகத்தில் பாயும்போது 400. அன்டார்க்டிக் கிரில் (இறால் போன்ற கடல் உயிர்) போன்ற 5 சென்டிமீட்டர் உயிருக்கு இது சில ஆயிரம். பாக்டீரியாவுக்கோ பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு.

துடுப்பு அடிக்கும் சிற்றுயிர்களில் பெரும்பாலானவை 1-க்கும் சில நூறுக்கும் நடுவில் இருக்கின்றன என்பது இந்தப் பட்டியலில் தெரிகிறது. பாக்டீரியாவின் உலகத்துக்கு எழுதப்பட்ட விதியோ மீனின் உலகத்துக்கு எழுதப்பட்ட விதியோ இங்கே முழுசாகச் செல்லாது. இந்த நடுப்பகுதிதான் கணக்குப் போடவும் கடினமானது, என் பார்வையில் மிக அழகானதும் கூட. இன்னொன்றும் உண்டு: ஒரே உயிருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ரெனால்ட்ஸ் எண்கள் இருக்கின்றன. உடலுக்கு 30 என்றால், துடுப்பில் முளைத்திருக்கும் ரோமம் 0.002 மில்லிமீட்டர் தடிமனில் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் அசையும்போது அதற்கு 0.02 மட்டுமே. உடல் ஓர் உலகத்திலும் அதன் ரோமம் வேறோர் உலகத்திலும் இருக்கின்றன.

இப்போது வேக வித்தியாசத்தைப் பார்ப்போம். வேகமாக அடித்து மெதுவாகத் திரும்பினால் போதாதா என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ரெனால்ட்ஸ் எண் ஒன்றைவிட மிகக் குறைவாக இருக்கும்போது இது துளியும் பலிக்காது. அங்கே இழுவிசை, அதாவது நகர்வை எதிர்த்து நீர் பிடித்து இழுக்கும் விசை, வேகத்துக்கு நேர்விகிதம். இரண்டு மடங்கு வேகமாக அடித்தால் விசை இரண்டு மடங்கு; ஆனால் அதே தூரத்தைக் கடக்க நேரம் பாதிதான் ஆகிறது. விசையையும் நேரத்தையும் பெருக்கினால் பழைய விடையே வருகிறது. துடுப்பு கடந்த பாதைதான் கணக்கு, எவ்வளவு வேகத்தில் கடந்தது என்பது கணக்கில் சேராது. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1976-இல் ஆற்றிய ஓர் உரையில் இதைத்தான் தெளிவாக விளக்கினார். அடுத்த ஆண்டு அது கட்டுரையாக அச்சில் வந்தது. ஒரே ஒரு மூட்டு மட்டும் உள்ள சிப்பி, அந்த உலகத்தில் மெதுவாகத் திறந்து வேகமாக மூடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். போன பாதையிலேயே திரும்பும் எந்த அசைவுக்கும் அங்கே மிச்சம் கிடையாது.

ரெனால்ட்ஸ் எண் ஆயிரத்தைத் தாண்டினால் கதை மாறுகிறது. அங்கே இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு வேகத்தில் விசை நான்கு மடங்கு, நேரம் பாதி, எனவே மொத்தத் தள்ளல் இரண்டு மடங்கு. வடிவத்தை மாற்றாமலே, வேக வித்தியாசத்தால் மட்டும் முன்னே போகலாம். நடுப்பகுதியில் விசை வேகத்தின் ஒன்றாம் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் இடையில் எங்கோ நிற்கும். அடுக்கு 1.2 என்றால் இரண்டு மடங்கு வேக வித்தியாசம் தரும் லாபம் 15 சதவீதம்; 1.5 என்றால் 41 சதவீதம். உடல் நகராமல் நிற்கிறது என்று வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. ஆனாலும் போக்கு சரிதான். நாப்ளியஸுக்கு இந்த வழியில் சொற்பம் கிடைக்கும், அதை நம்பிப் பிழைக்க முடியாது. வேகமாக அடிக்க ஆகும் ஆற்றலும் சும்மா வருவதில்லை.

அடுத்தது வடிவம். அடிக்கும்போது துடுப்பின் முகத்தை அகலமாக வை, திரும்பும்போது விளிம்பைக் காட்டு என்பதுதான் பல புத்தகங்களில் வரும் விளக்கம். பெரிய உயிர்களுக்கு இது மிகச் சரி. ரெனால்ட்ஸ் எண் 1000-இல் மெல்லிய தகடு ஒன்று முகத்தைக் காட்டிப் போவதற்கும் விளிம்பைக் காட்டிப் போவதற்கும் இழுவிசையில் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கும். ஆனால் பாகுநிலை ஆளும் உலகத்தில் மெல்லிய வட்டத் தகட்டுக்கு இந்த விகிதம் சரியாக 1.5 மட்டுமே. நீண்ட மெல்லிய குச்சி குறுக்காகப் போவதற்கும் நீளவாக்கில் போவதற்கும் இடையே எவ்வளவு முயன்றாலும் 2 மடங்கைத் தாண்டாது. அங்கே தகட்டின் பக்கவாட்டில் உரசிப் போகும் நீரும் ஏறக்குறைய அதே அளவு பிடித்து இழுக்கிறது. துடுப்பைத் திருப்பிப் பிடிப்பதால் மட்டும் சிற்றுயிருக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. புத்தக விளக்கம் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது.

சிற்றுயிர்கள் அதனால் துடுப்பையே சிறிதாக்குகின்றன. கோபிபாட், ஆர்ட்டீமியா, டாஃப்னியா எல்லாவற்றின் துடுப்பிலும் வரிசையாக நீண்ட ரோமங்கள் இருக்கும். அடிக்கும்போது அவை விசிறியாக விரிந்து நிற்கும். திரும்பும்போது நீரின் அழுத்தத்திலேயே மடங்கி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பல இனங்களில் ரோமத்தின் அடிமூட்டு ஒரு பக்கம் மட்டும் வளையும்படி இருப்பதால் இதற்கென்று தனித் தசை வேலை தேவைப்படுவதில்லை. காலும் தானாகக் குறுகும்: மூட்டுகள் மடங்கி, உடலை ஒட்டியபடி முன்னே வரும். இந்த ஒட்டி வருவதில் கூடுதல் லாபம் உண்டு. பாகுநிலை வலுவாக இருக்கும் உலகத்தில் உடலைச் சுற்றியுள்ள தடித்த நீர்ப்படலம் உடலோடு சேர்ந்தே நகர்கிறது. அந்தப் படலத்துக்குள் காலை நகர்த்தினால் வெளியே உள்ள நீரோடு அதிகம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ரோமங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதே, நீர் அதன் வழியே ஒழுகிவிடாதா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். இங்கேதான் ரோமத்தின் சொந்த ரெனால்ட்ஸ் எண் முக்கியமாகிறது. சியர், மிமி கோல் இருவரும் 1987-இல் அடுத்தடுத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே எவ்வளவு நீர் புகுந்து போகும் என்று கணக்கிட்டார்கள். எண் மிகச் சிறியதாக இருக்கும்போது ஒவ்வொரு ரோமத்தையும் சுற்றியுள்ள மெதுவான நீர்ப்படலம் பக்கத்து ரோமத்தின் படலத்தோடு இணைந்துவிடுகிறது. ஒழுகல் மிகக் குறைவு, ரோம வரிசை ஒரு தகடாகவே நடந்துகொள்கிறது. எண் 0.01-இலிருந்து 1-ஐ நோக்கி ஏறும்போது ஒழுகல் கூடி, தகடு சீப்பு போல மாறுகிறது. நாப்ளியஸின் துடுப்பு ரோமங்கள் இந்த எல்லைக்குப் பக்கத்தில் வேலை செய்கின்றன. முழுத் தோல் போர்த்திய துடுப்பைவிட ரோமத் துடுப்பு சிற்றுயிருக்கு உகந்தது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை: குறைந்த பொருளில் செய்த தகடு, வேண்டாதபோது மடிந்து காணாமல் போகும். மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள டைடிஸ்கஸ் போன்ற நீர்வண்டின் பின்னங்காலிலும் ரோமங்கள் உண்டு. அங்கே வேகம் அதிகம், ஆனால் ரோமங்கள் மிக நெருக்கமாக இருப்பதால் தகடாகவே செயல்பட முடிகிறது.

மூன்றாவது வழி வரிசை. இதற்குச் சற்று அதிக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் கடந்த சில பத்தாண்டுகளில் நம் புரிதல் அதிகம் வளர்ந்தது இங்கேதான். கிரிலுக்கு வயிற்றுப் பகுதியில் 5 ஜோடி நீச்சல் கால்கள். அவை எல்லாம் ஒன்றாக அடிப்பதில்லை. கடைசி ஜோடி முதலில் அடிக்கும், அதற்கு முன்னால் இருக்கும் ஜோடி கொஞ்சம் தாமதித்து அடிக்கும், இப்படியே வாலிலிருந்து தலையை நோக்கி அலை ஓடும். இறால் இனத்தைப் போன்ற நன்னீர் கிரேஃபிஷ் தன் 4 ஜோடி வயிற்றுக் கால்களை அடிப்பதும் இப்படியே. அடுத்தடுத்த ஜோடிகளுக்கு இடையே உள்ள தாமதம் ஏறக்குறைய ஒரு சுழற்சியில் நான்கில் ஒரு பங்கு. வேகமாக அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் இந்தப் பங்கு மாறுவதில்லை.

ஏன் வாலிலிருந்து? 2010-இல் சைலஸ் ஆல்பென் குழுவினர் கிரிலை வைத்து உருவாக்கிய மாதிரியில், எல்லாக் கால்களும் ஒன்றாக அடிப்பதைவிட அலையாக அடிப்பது சராசரி வேகத்தைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். 2014-இல் கால்வின் ஜாங் குழுவினர் கிரேஃபிஷ் கால்களைக் கணினியில் நீரோட்டத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். இந்த விலங்குகள் இயங்கும் ரெனால்ட்ஸ் எண்கள் முழுவதிலும், வாலிலிருந்து தலைக்கு, நான்கில் ஒரு பங்கு சுழற்சித் தாமதம் என்ற இயற்கை ஒழுங்குதான் வேகத்திலும் சிக்கனத்திலும் முதலிடம் பெற்றது. காரணத்தைப் படமாக மனதில் வரைந்து பார்க்கலாம். வால்பக்கக் கால் முதலில் பின்னே போய்விட்டால், அடுத்த கால் அடிக்கும்போது இரண்டுக்கும் நடுவே அகலமான இடைவெளி திறக்கிறது. நிறைய நீரைப் பிடித்துத் தள்ள முடிகிறது. திரும்பும்போது முன்னே வரும் வால்பக்கக் கால், அடுத்த காலை நெருங்கிவிடுகிறது. இரண்டும் ஒட்டி வருவதால் ஒன்று மற்றொன்றுக்கு மறைப்பாகிறது. தலையிலிருந்து வாலுக்கு அலை ஓடினால் இது தலைகீழாகி, அடிக்கும்போது கால்கள் நெருங்கி, திரும்பும்போது விலகும். அலையில் இன்னொரு நன்மை: எப்போதும் ஏதோ ஒரு ஜோடி தள்ளிக்கொண்டே இருப்பதால் உடல் வேகம் ஏறி இறங்குவதில்லை. இழுவிசை வேகத்தைவிட விரைவாக ஏறும் இடத்தில், சீரான வேகம் அதே சராசரி வேகத்துக்குக் குறைந்த செலவில் கொண்டுபோகும்.

பர்செலின் சிப்பிக்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. ஒரு விறைத்த கால் தன் பாதையிலேயே போய்த் திரும்பினால் பயனில்லை. இரண்டு விறைத்த கால்கள் தனித்தனியே அப்படிப் போய்த் திரும்பினாலும், இரண்டுக்கும் இடையே தாமதம் இருந்தால் மொத்த அசைவு திரும்பும்போது வேறு பாதையில் வருகிறது. ரோமம் மடங்காமல், வேகம் மாறாமல், தாமதத்தால் மட்டுமே நகர முடியும் என்பதை டைசுகே தகாகி 2015-இல் கணக்கிட்டுக் காட்டினார். கோபிபாட் நாப்ளியஸின் மூன்று ஜோடிக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

வளர்ந்த கோபிபாட்டின் பாய்ச்சல் இந்த மூன்று வழிகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. இடது, வலது கால்கள் ஒரு தகட்டால் இணைக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு ஜோடியும் ஒரே அகலத் துடுப்பாக அடிக்கும். முதலில் நீண்ட உணர்கொம்புகள் உடலோடு மடங்கிவிடும். அப்புறம் பின் ஜோடியிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகச் சில மில்லிவிநாடிகளில் அடித்து முடியும். திரும்பும்போது மட்டும் எல்லா ஜோடிகளும் ஒரே கட்டாகச் சேர்ந்து முன்னே வரும். அடிக்கும்போது தனித்தனித் துடுப்புகள், திரும்பும்போது ஒற்றைத் துடுப்பு. இந்த வேகத்தில் உடல் விநாடிக்குத் தன் நீளத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு தூரம் பாய்கிறது. பின்னால் ஒரு சுழல் வளையம், உடலைச் சுற்றி எதிர்த் திசையில் இன்னொன்று என்று இரண்டு சிறிய சுழல்கள் உருவாகி, பாகுநிலையால் விரைவில் அழிந்துவிடும். நீரின் அசைவை உணர்ந்து வேட்டையாடும் எதிரிகள் நிறைந்த இடத்தில் இந்த அமைதி உயிரைக் காக்கும். துடுப்பு நீச்சலை ஆற்றல் சிக்கனத்தை மட்டும் வைத்து மதிப்பிடுவது எனக்கு ஒப்பாதது இதனால்தான்.

இதுவரை நிலைமத்தை இழுவிசையின் வழியாக மட்டும் பார்த்தோம். இன்னொரு பக்கமும் உண்டு. காலை வேகப்படுத்தும்போது அதைச் சுற்றியுள்ள நீரையும் சேர்த்தே வேகப்படுத்த வேண்டியிருக்கிறது. கோளத்துக்கு இந்தக் கூடுதல் நிறை அது இடம்பெயர்த்த நீரில் பாதி, குறுக்காக அசையும் நீண்ட உருளைக்கு அது முழு அளவு. வீச்சின் தொடக்கத்தில் இந்த நிறை நல்ல பிடிமானம் தரும். உடலுக்கும் நிலைமம் இருந்தால் அடித்த பிறகு கொஞ்சம் வழுக்கிப் போகலாம். எவ்வளவு? 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள, நீரின் அடர்த்தியே உள்ள கோளம் ஒன்று தள்ளலை நிறுத்தியதும் வேகம் இழக்க ஆகும் நேரம் சுமார் 3 மில்லிவிநாடி. விநாடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் போயிருந்தால் அது வழுக்கும் தூரம் 0.007 மில்லிமீட்டர். ஒரு வீச்சுக்கு 100 மில்லிவிநாடிக்கு மேல் எடுக்கும் உயிருக்கு இது ஒன்றுமே இல்லை. துடுப்பு நின்றால் உடலும் நின்றுவிடும். இந்த நேரம் ஆரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், பத்து மடங்கு பெரிய உயிருக்கு அது விநாடியில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். அப்போது திரும்பும் வீச்சு முழுவதையும் வழுக்கலிலேயே கடந்துவிடலாம்.

ஆர்ட்டீமியா தன் ஒரே வாழ்நாளில் இந்த இரண்டு நிலைகளையும் கடக்கிறது. பொரியும்போது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் ஜோடி உணர்கொம்புகளே முக்கியத் துடுப்பு. வளர வளர உடலில் கால்கள் ஒவ்வொன்றாக முளைத்து, கடைசியில் 11 ஜோடி ஆகின்றன. உணர்கொம்புகள் நீச்சல் வேலையை விட்டுவிடுகின்றன. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வளர்ந்த ஆர்ட்டீமியா மல்லாந்தபடி, கால்களில் அலை ஓட, துள்ளல் இல்லாமல் சீராக நீந்தும். முன்னும் பின்னும் சறுக்கும் நடையிலிருந்து சீரான நடைக்கு மாறும் இந்தப் பாதையை அளந்து பார்த்தால் ரெனால்ட்ஸ் எண் ஏறுவதைக் கண்ணாலேயே காணலாம்.

இன்னும் மேலே போனால் துடுப்பே இரண்டாம் பட்சமாகிறது. துடுப்பு முறைக்கு ஓர் உள்ளார்ந்த தடை இருக்கிறது: கால் நீரைப் பின்னே தள்ள வேண்டுமென்றால் உடல் முன்னே போகும் வேகத்தைவிட வேகமாகப் பின்னே போக வேண்டும். உடல் வேகம் கூடக் கூடப் பிடிமானம் குறையும். சிறகு போல மேலும் கீழும் அடித்து ஏற்றுவிசையால் போகும் முறைக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அதற்கு நிலைமம் போதுமான அளவு வேண்டும். கிளையோன் என்ற கடல் நத்தையை ஆராய்ந்த சில்ட்ரெஸ், டட்லி இருவரும் 2004-இல் அந்த எல்லையை ரெனால்ட்ஸ் எண் 5 முதல் 20 வரை என்று மதிப்பிட்டார்கள். அதற்குக் கீழே துடுப்பும் குறுயிழைகளும்தான் (உடலில் முளைத்து அசையும் நுண்ணிய இழைகள்) வழி. புறப்படவும் நிற்கவும் திரும்பவும் பெரிய உயிர்களுக்கும் துடுப்பு முறையே கைகொடுக்கிறது.

கேள்வியில் இருந்த தேன் பற்றி: நீர் மாறுவதில்லை, அளவுதான் மாறுகிறது; ஆனால் நீரின் பாகுநிலையும் கொஞ்சம் மாறத்தான் செய்கிறது. 0 டிகிரியில் அது 20 டிகிரியில் இருப்பதைப் போல 1.8 மடங்கு. குளிர்ந்த நீரில் சிற்றுயிர் மெதுவாக நீந்துவதற்குத் தசை மந்தமாவது மட்டும் காரணமில்லை. வெப்பத்தை மாற்றாமல் நீரை மட்டும் கெட்டியாக்கும் பொருளைக் கலந்து, இரண்டு காரணங்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்த சோதனைகள் உண்டு. சிறிய லார்வாக்களில் பாகுநிலையின் பங்கு கணிசமானது என்று அவை காட்டின.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால், ஆர்ட்டீமியா நாப்ளியஸ் நல்ல தொடக்கம். விநாடிக்கு 200 படங்களுக்கு மேல் எடுக்கும் கேமரா போதும். கோபிபாட்டின் பாய்ச்சலுக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். உடலின் ஒரு புள்ளியைப் படத்துக்குப் படம் குறித்து, ஒரு வீச்சில் முன்னே போன தூரம், பின்னே வந்த தூரம், வீச்சுக்கு ஆன நேரம் மூன்றையும் எழுதுங்கள். இப்படிப் பல வீச்சுகளை எடுத்து, வேகமாக அடித்தவற்றையும் மெதுவாக அடித்தவற்றையும் ஒப்பிடுங்கள். கால் கடந்த கோணம் ஒன்றாக இருந்து, அடித்த வேகம் எதுவானாலும் ஒரு வீச்சுக்கான நிகரத் தூரம் மாறவில்லை என்றால் அந்த உயிர் பாகுநிலையின் ஆட்சியில் இருக்கிறது. வேகமான வீச்சு அதிகத் தூரம் தந்தால் அங்கே நிலைமம் கணக்கில் வரத் தொடங்கிவிட்டது. பொரிந்த அன்றும், அதற்குப் பின் சில நாட்கள் விட்டு விட்டும் எடுத்துப் பார்த்தால் இந்த மாற்றம் எந்த அளவில் தொடங்குகிறது என்பது உங்கள் அளவீடுகளிலேயே தெரியும்.